போத்தலிலிருந்து வந்த துணியும் ஓர் ஊசிப் புத்தகமும்

வணக்கம், அன்பு நேயர்களே. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் இன்று விரித்து வைத்திருப்பது, பாவித்து வீசிய பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து செய்யப்பட்ட ஃபெல்ட், அதாவது நெய்யாமல் இழைகளைச் சிக்கவைத்துச் செய்யும் துணி. இதில் ஊசிகளைக் குத்தி வைப்பதற்கான ஒரு சிறிய புத்தகத்தைத் தைத்துக் காட்டப் போகிறேன்.

தண்ணீர்ப் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருந்தால் அது பெட் பிளாஸ்டிக். அத்தகைய போத்தல்களைத் தரம் பிரித்துக் கழுவி, சீவல்களாக நறுக்கி, உருக்கி, நுண்துளைகளின் வழியே இழுத்தால் பொலியெஸ்டர் இழை கிடைக்கிறது. ஆட்டு மயிரில் மெல்லிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுக் கசக்கும்போது அவை ஒன்றையொன்று பற்றி இறுகிக் கம்பளி ஃபெல்டாகின்றன. பொலியெஸ்டருக்குச் செதில் இல்லாததால், முட்கள் வைத்த ஊசிகளால் மீண்டும் மீண்டும் குத்தி இழைகளைச் சிக்கவைக்கிறார்கள். பாவும் ஊடையும் இல்லாத துணி ஆதலால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் தேவையில்லை. தையல் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட இணக்கமான துணியை நான் கண்டதில்லை.

புறக்கோட்டையில் தாள் தாளாக ஃபெல்ட் வாங்கும்போது ஒன்றை மறவாதீர்கள். புதிய பொலியெஸ்டரா, மீள்சுழற்சி செய்ததா என்பதைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. பொதியின் விவரச்சீட்டைக் காட்டும்படி கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் நான் வாங்குவதில்லை.

புத்தகத்தின் ஃபெல்ட் மேலட்டைக்கு 16 சென்ரிமீற்றர் நீளமும் 10 அகலமும், உள்தாள் இரண்டுக்கு 14 நீளமும் 8 அகலமும் போதும். பென்சில் கோடு இந்தத் துணியில் தெளிவாக விழாது. ஆகவே கடதாசி மாதிரியைத் துணிமேல் வைத்து, ஒட்டுநாடாவால் பிடித்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுகிறேன். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையைப் பிரித்தெடுத்து அட்டையின் ஓரத்தைச் சுற்றி, விளிம்பை நூல் வளையங்களால் பிடிக்கும் பிளாங்கெட் தையல் இடுகிறேன். நூலை இறுக்கி இழுத்தால் ஓரம் சுருங்கிவிடும், கை தளர்வாகவே இருக்கட்டும். பின்னர் உள்தாள்களை நடுவில் வைத்து, முதுகுப்பக்கமாக நான்கைந்து தையல் போட்டால் புத்தகம் அமைந்துவிடும்.

தொடக்கத்தில் நான் பருத்திக்குரிய சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்து, ஒரு முழுத் தாளைப் பளபளத்த தகடாக்கிவிட்டேன். அன்று முதல் இஸ்திரிப்பெட்டியில் ஒற்றைப் புள்ளியால் குறித்த, 110 பாகை செல்சியசைத் தாண்டாத சூட்டில், மேலே பருத்தித் துணி விரித்துத்தான் தேய்க்கிறேன்.

அடிக்கடி கழுவ வேண்டிய பொருளை இந்த ஃபெல்டில் செய்யாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன். ஒவ்வொரு கழுவலிலும் நுண்ணிழைகள் உதிர்ந்து நீரோடு போகும், நம் வீட்டு நீரோ கடைசியில் கடலைத்தான் சேரும். போத்தலாக இருந்தபோது அதை மீண்டும் போத்தலாக்க இயலும்; சாயம் ஏறி, பசையும் நூலும் சேர்ந்த ஃபெல்டை அப்படி மீட்பது மிகக் கடினம். இதனால்தான் விளையாடி எறியும் அலங்காரத்தை விட்டு, பல ஆண்டுகள் கையில் இருக்கும் ஊசிப் புத்தகத்தைத் தேர்ந்தேன். பொலியெஸ்டர் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். கடற்காற்று வீசும் இந்த வீட்டில் ஊசி வைக்க அது எனக்குப் பிடித்த குணம்.

இதோ, மேசையில் ஒரு கைப்பிடி வெட்டுத்துண்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றை இன்னும் பொடியாக நறுக்கி, இந்தச் சிறிய வட்டப் பைக்குள் அடைத்து வாயைத் தைத்துவிடுகிறேன். குண்டூசி குத்தி வைக்கும் மெத்தையாக அது புத்தகத்தின் பக்கத்திலேயே இருக்கும்.