மூன்று ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர், ஓர் எலக்ட்ரான்

[திரையில்: மேசைமேல் பிரெட்போர்டு, மல்டிமீட்டர்]

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். 1923-இல் நோபல் பரிசும் வாங்கினார். நமக்குத் துளி வேண்டாம். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, மூன்று ரெசிஸ்டர் போதும்.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: கலெக்டர், பேஸ், எமிட்டர். கலெக்டரையும் பேஸையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். பேட்டரியின் பிளஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாக அங்கே வாருங்கள். எமிட்டர் மைனஸுக்கு. மீட்டரை பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் வையுங்கள்.

[திரையில்: ரெசிஸ்டர் மாறுகிறது, மீட்டர் எண் மாறுகிறது]

1 மெகா ஓம்: 537 மில்லிவோல்ட். 100 கிலோ ஓம்: 597. 10 கிலோ ஓம்: 656. மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 மடங்கு ஏறுகிறது. மின்னழுத்தமோ முதலில் 60, அடுத்து 59 மில்லிவோல்ட்தான் ஏறுகிறது!

ஏன்? உள்ளே எலக்ட்ரான்கள் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். அவற்றுக்குத் தெம்பு தருவது வெப்பம். மேட்டைத் தாழ்த்துவது நாம் தரும் மின்னழுத்தம். கொஞ்சம் தாழ்த்தினாலே தாண்டுகிறவை பல மடங்காகின்றன. 10 மடங்காக வேண்டுமென்றால், மின்னூட்டத்தை மின்னழுத்த ஏற்றத்தால் பெருக்கி வருவது, போல்ட்ஸ்மான் மாறிலி × வெப்பநிலை × 2.303-க்குச் சமமாக வேண்டும். போல்ட்ஸ்மான் மாறிலி என்பது வெப்பநிலையை ஆற்றலாக மாற்றித் தரும் எண்; 2.303 என்பது 10-இன் இயல் மடக்கை.

சரி, கணக்குப் போடுவோம். அறை 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். 1.38 × 10⁻²³ × 300 × 2.303. அதை இரண்டு ஏற்றங்களின் சராசரியான 0.0595 வோல்ட்டால் வகுத்தால் 1.6 × 10⁻¹⁹ கூலும்.

சாதா டயோடு போதாதா? போதாது. அதில் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) நடுவழியிலேயே சேர்ந்துவிடுவதால், 60 வரவேண்டிய இடத்தில் 100-க்கு மேலேகூட வரும். டிரான்சிஸ்டரில் அந்தச் சேதாரம் பேஸின் சிறு மின்னோட்டத்தோடு நின்றுவிடுகிறது.

[திரையில்: டிரான்சிஸ்டரை விரல்கள் பிடிக்கின்றன, எண் சரிகிறது]

இப்போது இதைப் பாருங்கள். விரலால் பிடித்ததும் எண் இறங்குகிறது, டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். அறை வெப்பநிலையை 3 டிகிரி தப்பாகக் குறித்தால் விடை ஒரு சதவீதம்தான் கெடும். ஆனால் இரண்டு அளவுகளுக்கு நடுவே டிரான்சிஸ்டரே 3 டிகிரி சூடேறினால் 10 சதவீதம் போச்சு. அதனால் ரெசிஸ்டரை மட்டும் தொடுங்கள், அப்புறம் ஒரு நிமிடம் பொறுங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மில்லிகனின் துளிகள் மின்னூட்டம் துண்டு துண்டாக வருவதையே காட்டின. நம் சுற்று அதைக் காட்டாது. இது தருவது மின்னூட்டத்துக்கும் போல்ட்ஸ்மான் மாறிலிக்கும் உள்ள விகிதம்தான், அந்த மாறிலி நாம் வாங்கிய கடன். 2019 மே 20 முதல் இரண்டுக்கும் மதிப்பு நிர்ணயித்தாயிற்று. மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும். உங்களுக்கு 1.5 வந்தால் எலக்ட்ரானைச் சந்தேகிக்காதீர்கள், விரலைச் சந்தேகியுங்கள்.