எலக்ட்ரான் எத்தனை தூரம் தாவும்? ஒளித்தொகுதி 2-க்குள் ஒரு பார்வை

[திரையில்: இலை, பசுங்கணிகம், தைலகாய்டு சவ்வு எனப் படிப்படியாக நெருங்குகிறோம்]

வெயில் பட்டதும் பச்சையத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்பும் என்று பள்ளியில் படித்திருப்போம். கிளம்பியது ஏன் அதே இடத்துக்குத் திரும்பி விழுவதில்லை?

தைலகாய்டு சவ்வில் ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைக் கிளப்பும் புரதக் கூட்டம்தான் ஒளித்தொகுதி 2. அதன் நடுவில் டி1, டி2 என்று இரண்டு புரதங்கள். இவை மின்கம்பி அல்ல. நிறமிகளை அசையாமல் பிடித்து வைப்பதுதான் இவற்றின் வேலை. எலக்ட்ரான் நிறமிக்கு நிறமி தாவுகிறது. தாவல் சுமார் 14 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இடைவெளி 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினாலே வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பே ஒன்றரை ஆங்ஸ்ட்ராம். அவ்வளவு நுணுக்கம்!

[திரையில்: பி680 மின்னுகிறது, ஓரத்தில் கடிகாரம்]

எலக்ட்ரான் கிளம்பும் பச்சையம்தான் பி680. அங்கிருந்து பக்கத்து நிறமியான பியோஃபைட்டினுக்குச் சில பிக்கோ நொடிகள் (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). பியோஃபைட்டினிலிருந்து, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் மூலக்கூறான குவினோன் ஏ-க்குச் சில நூறு பிக்கோ நொடிகள். திரும்பி விழ நானோ நொடிக் கணக்கில் ஆகும் (ஒரு நானோ நொடி என்பது ஆயிரம் பிக்கோ நொடி). அதற்குள் எலக்ட்ரான் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. எலக்ட்ரான் போனதால் பி680-இல் விழுந்த பள்ளத்தை டி1-இன் 161-ஆவது அமினோ அமிலமான டைரோசின் நிரப்புகிறது. அப்போது அதன் புரோட்டான் பக்கத்து ஹிஸ்டிடின் 190-க்கு நகர்கிறது. டைரோசினுக்கு எலக்ட்ரான் தருவது நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த கொத்து. அது எடுப்பது தண்ணீரிலிருந்து.

[திரையில்: குவினோன் ஏ, குவினோன் பி பக்கத்துப் பக்கத்தில்]

இனி வருவதுதான் சுவையான இடம். குவினோன் ஏ-யிலிருந்து எலக்ட்ரான் குவினோன் பி-க்குத் தாவும். ஏ, பி இரண்டுமே பிளாஸ்டோகுவினோன்தான், ஒரே மூலக்கூறு. புரதத்தில் உட்காரும் குழிதான் வேறு. ஏ இறுகப் பிடிபட்டது, ஒரு எலக்ட்ரானோடு சரி. பி இரண்டு எலக்ட்ரானும் இரண்டு புரோட்டானும் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடும். காலியான குழிக்குப் புதிய குவினோன் வரும்.

[திரையில்: காலிக் குழிக்குள் அட்ரசின் நுழைகிறது]

மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கிற களைக்கொல்லியான அட்ரசின் காலியான அந்தக் குழியில்தான் போய் உட்காருகிறது. டி1-இன் 264-ஆவது அமினோ அமிலமான செரினைப் பிடித்துக்கொள்ளும். ஏ-யில் எலக்ட்ரான் தேங்கும். பின்னால் வரும் எலக்ட்ரான் பி680-க்கே திரும்பும். பச்சையம் மும்மை நிலை எனும், ஆற்றல் சற்று நீடித்துத் தங்கும் நிலைக்குப் போய் ஆக்சிஜனை எதையும் தாக்கும் வகையில் கிளறிவிடும். அந்த ஆக்சிஜனால் சவ்வின் கொழுப்பு அரிபடும். உணவு தயாரிக்க முடியாமல் களை பட்டினியால் சாகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். வெயிலில் சீக்கிரம் கருகுவது இதனால். மக்காச்சோளம் தப்பிப்பது குழியை மாற்றி அல்ல, அட்ரசினை வேதிமாற்றம் செய்து செயலிழக்க வைத்து.

[திரையில்: செரின் 264 மறைந்து கிளைசின் வருகிறது]

சில களைகளில் செரின் 264 கிளைசின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறிவிட்டது. அட்ரசினுக்குப் பிடி கிடைக்காது. ஆனால் குவினோனும் அதே செரினைத்தான் பிடித்திருந்தது. ஏ-யிலிருந்து பி-க்குத் தாவல் மந்தமாகிவிடும். மருந்து அடிக்காத வயலில் இந்தக் களை மற்றவற்றோடு போட்டியிட்டு வளர முடியாமல் பெரும்பாலும் பின்தங்கும்.