'ஐ டோன்ட் ஈட் எனிதிங்' என்றால் ஒன்றுமே சாப்பிட மாட்டாரா?

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உடன் வேலை செய்பவர் 'ஐ டோன்ட் ஈட் எனிதிங் அட் பார்ட்டீஸ்' என்றார். விருந்தில் சாப்பிட மாட்டார் போல என்று நினைத்து, அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் சாப்பாடு சொல்லிவிட்டேன். அவரோ வந்து தட்டை எடுத்துக்கொண்டு நின்றார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா, அவர் தப்பாகச் சொன்னாரா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. ஆனால் இன்னொரு பொருளும் அதிலேயே இருக்கிறது. 'விருந்தில் எதுவும் சாப்பிட மாட்டேன்' என்பது ஒன்று. 'விருந்தில் கண்டதையும் சாப்பிட மாட்டேன்', அதாவது பார்த்துத்தான் சாப்பிடுவேன் என்பது இன்னொன்று. தமிழில் 'எதுவும்', 'கண்டதையும்' என்று சொல்லே மாறிவிடுவதால் நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே 'எனிதிங்'தான். வித்தியாசத்தைக் குரல் காட்ட வேண்டும்.

ஒன்றுமே சாப்பிடாதவர் சொல்லும்போது குரல் இறங்கி அப்படியே முடிந்துவிடும். பார்த்துச் சாப்பிடுகிறவர் 'எனி'யை அழுத்துவார். குரல் அங்கே இறங்கும், ஆனால் வாக்கியத்தின் கடைசியில் லேசாக மேலே ஏறும். இன்னும் ஏதோ சொல்ல வருவது போல, 'ஆனால்...' என்று இழுப்பது போல இருக்கும். நீங்களே இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

எழுத்தில் இந்தக் குரல் வராது. அதனால்தான் எழுதும்போது 'ஜஸ்ட்' என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். 'ஐ டோன்ட் ஈட் ஜஸ்ட் எனிதிங்' என்றால் இரண்டாவது பொருள் மட்டும்தான்.

சூழலும் கொஞ்சம் உதவும். 'ஐ டோன்ட் ஈட் எனிதிங் ஆஃப்டர் எய்ட்' என்று நேரத்தைச் சேர்த்தால், எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். இடத்தைச் சேர்த்தால், உங்களுக்கு நடந்தது போல, இரண்டு பக்கமும் போகும்.

சரி, சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், ஆனால் அங்கேயும் நம் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 'ஸோ, யூ டோன்ட் ஈட் அட் பார்ட்டீஸ்?' என்று கேட்கிறீர்கள், அவர் 'நோ' என்கிறார். தமிழில் 'நீங்கள் சாப்பிட மாட்டீர்களா?' என்று கேட்டு 'இல்லை' என்று பதில் வந்தால், 'இல்லை, சாப்பிடுவேன்' என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. சாப்பிடாதவர் 'ஆமாம், சாப்பிட மாட்டேன்' என்பார். ஆங்கிலத்தில் அந்த 'நோ'வுக்கு 'நோ, ஐ டோன்ட்', அதாவது சாப்பிட மாட்டேன் என்றுதான் பொருள். சாப்பிடுகிறவர் 'யெஸ், ஐ டூ' என்றோ, 'நோ, ஐ டூ' என்றோ சொல்வார். அந்தக் கடைசி 'டூ', 'டோன்ட்' காதில் விழவில்லை என்றால் மறுபடியும் குழப்பம்தான்.

அதனால் எதிர்மறையாகக் கேட்கவே வேண்டாம். 'ஷல் ஐ ஆர்டர் ஃபார் யூ டூ?' என்று கேளுங்கள். உங்களுக்கும் சேர்த்துச் சொல்லட்டுமா என்று பொருள். 'யெஸ்' என்றால் சாப்பாடு சொல்லுங்கள், 'நோ' என்றால் வேண்டாம்.