மார்ச் மாதத்துச் சலுகை

(பள்ளி திறப்பதற்கு முன் நடந்த ஆசிரியர் பணியிடைப் பயிற்சி ஒன்றில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

எல்லாருக்கும் வணக்கம். காலையிலிருந்து மூன்று பேர் பேசி, வடையும் டீயும் வந்து போன பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சட்டம் என்று சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் செல்போனை எடுத்ததைப் பார்த்தேன். கோபமில்லை. தமிழாசிரியராகப் பணியில் இருந்த காலத்தில் நானும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அம்மா பீடி சுற்றுகிறவர். செய்யுளை நான் இரண்டு தரம் வாசித்தால் மூன்றாம் தரம் அவன் வாயில் இருக்கும். பொருளும் சொல்வான். ஆனால் எழுத்து? 'தொழிலாளி' என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருந்தான் என்று பத்துத் தடவை எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்தான். முதல் வரியில் 'தெழிலாளி'. அடுத்ததில் 'தாழிலளி'. அதற்கடுத்து 'தொளிலாழி'. பத்து வரியில் ஒன்றுகூடச் சரியில்லை. தப்பும் ஒரே மாதிரி இல்லை. வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் ஒருவர் வாரம் ஒருநாள் வருவார். அவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஐயா, சோம்பேறிப் பையன்னா முதல் வரியைப் பாத்து மீதி ஒன்பதையும் அப்படியே இறக்கியிருப்பான். இவன் பத்துத் தடவையும் புதுசா எழுதப் பாத்திருக்கான்" என்றார். முப்பது வருஷம் நோட்டுத் திருத்தியவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1995-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் பட்டியலிட்டது. பார்வை, செவி, கை கால், மனநலம் என்று வெளியே தெரிவதும் மருத்துவர் சொல்வதுமாக ஏழு. என் பையன் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த ஏழு வகையை இருபத்தொன்றாக ஆக்கியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கற்றல் குறைபாடு வந்தது. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா என்று வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் பெயர் சொல்லி வந்தன. ஆட்டிசமும் வந்தது. அரசுப் பள்ளி மட்டுமென்று யாரும் நினைக்க வேண்டாம். அரசிடம் நிதி வாங்கும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாமே 16-ஆம் பிரிவுக்குள் வரும். தனியார் மெட்ரிக் பள்ளியும்தான்.

ஒருங்கிணைந்த கல்வி எது என்று 2-ஆம் பிரிவு சொல்லும் விளக்கத்தை நீங்கள் ஒருதரம் நிதானமாக வாசிக்க வேண்டும். குறைபாடு உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் சேர்ந்து படிப்பது அதில் பாதிதான். கற்பிக்கிற முறை அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மறுபாதி. நாம் முதல் பாதியைச் செய்துவிட்டுப் பதிவேட்டில் டிக் போட்டுவிடுகிறோம். பிள்ளை வகுப்பில் இருக்கிறது, வருகை இருக்கிறது, உதவித்தொகையும் வந்துவிட்டது. பாடம்? அது எப்போதும்போல் நடக்கிறது.

தமிழாசிரியர் என்பதால் என் பாடத்திலிருந்தே ஒன்று காட்டுகிறேன். எங்கள் பள்ளிக்குப் பார்வையற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர் மாறுதலில் வந்தார். சமூக அறிவியல். ஒருநாள் ஆசிரியர் அறையில் ஸ்லேட்டும் ஊசியும் வைத்துத் தமிழ் பிரெய்ல் எழுதிக்கொண்டிருந்தார். வலமிருந்து இடமாகக் குத்துகிறார். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவி வாசிக்கிறார். "கொடி எழுதுங்க சார்" என்றேன். 'கொ' என்பதற்கு முதலில் 'க'வைக் குத்தினார், அடுத்து 'ஒ'வைக் குத்தினார். அவ்வளவுதான். கொம்பும் இல்லை, காலும் இல்லை. காதில் விழும் வரிசை எதுவோ அதுவே கையில் வரும் வரிசை.

நம் அச்செழுத்தில் என்ன செய்கிறோம்? காதில் விழுவது 'க்', பிறகு 'ஒ'. கையில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒரு உயிரை இரண்டாக வெட்டி மெய்யின் இரண்டு பக்கமும் வைக்கிறோம். நமக்குப் பழகிவிட்டது. என் பையனுக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான் வண்டி நின்றது. 'தெழிலாளி', 'தாழிலளி' இரண்டையும் மறுபடி பாருங்கள். ஒன்றில் கொம்பு இருக்கிறது, கால் இல்லை. மற்றதில் கால் இருக்கிறது, கொம்பு இல்லை. ள, ழ குழப்பம் தனிக்கதை. அது நம்மில் பாதிப் பேருக்குப் பேச்சிலேயே உண்டு. கண் தெரியாத பிள்ளைக்கு வராத சிக்கலைக் கண் தெரிந்த பிள்ளைக்கு நம் எழுத்துமுறை கொடுக்கிறது. குறை பிள்ளையிடம் எவ்வளவு, எழுத்தில் எவ்வளவு, சொல்லித்தருகிற என்னிடம் எவ்வளவு என்று அன்றுதான் யோசித்தேன். அதன் பிறகு கொம்பைச் சிவப்பிலும், மெய்யைக் கறுப்பிலும், காலை மறுபடி சிவப்பிலும் அட்டையில் எழுதி அவனை அடுக்க வைத்தேன். மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. பத்துக்கு நாலு சரியாக வந்தது.

(போகிற போக்கில் ஒன்று. குறைபாடுள்ள ஆசிரியர்களையும் பணியில் அமர்த்த வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களுக்கு வேலை கொடுக்க எழுதியது என்றே நினைத்திருந்தேன். அந்தச் சமூக அறிவியல் ஆசிரியர் ஒரு மத்தியானத்தில் எனக்குத் தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லித்தந்தது என் எம்.ஏ.யில் இல்லை.)

என் பையனுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கினோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதும் எழுத்தர் கிடைத்தார், கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் தலைமையாசிரியரும் கைகுலுக்கிக்கொண்டோம். மார்ச் வந்தது. தனி அறை. எதிரே முன்பின் தெரியாத ஒரு ஆசிரியை. "சொல்லுப்பா" என்கிறார். இவன் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரம் வினாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு சொன்னான், ஆனால் எங்கே நிறுத்துவது, முன்னால் சொன்னதை எப்படி அடிக்கச் சொல்வது, நிலப்படத்தில் ஊரை எந்த இடத்தில் குறிக்கச் சொல்வது, எதுவும் தெரியவில்லை. "தப்பாச் சொன்னா அவங்க மூஞ்சி மாறுமோன்னு பயமா இருந்துச்சு ஐயா" என்றான். சமூக அறிவியலில் போய்விட்டது.

பத்து வருஷம் பேனாவைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, தேர்வு மாதத்தில் பேனாவை வாங்கிக்கொண்டு வாயால் எழுது என்றோம். யார் பிழை? வாயால் எழுதுவதும் ஒரு திறன். ஓட்டத் தெரியாதவனுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்து, பந்தயத்தன்று காலையில் ஏற்றிவிட்ட கதைதான். துணைத்தேர்வுக்கு முன் தினமும் ஒரு மணி நேரம் அவனை உட்காரவைத்து, அவன் சொல்லச் சொல்ல அந்தச் சமூக அறிவியல் ஆசிரியரின் மகள் எழுதினாள். 'முற்றுப்புள்ளி', 'அடுத்த பத்தி', 'முதல் வரியை வாசிங்க', 'அந்தச் சொல்லை அடிங்க' என்று சொல்லப் பழகினான். ஜூனில் தேறினான்.

இதனால்தான் 'சலுகை' என்ற சொல் எனக்கு ஒத்துவரவில்லை. நம் படிவங்களில் எல்லாம் தேர்வுச் சலுகை என்றுதான் இருக்கிறது. சலுகை என்றால் மனம் இருந்தால் கொடுக்கலாம், கடைசி நேரத்திலும் கொடுக்கலாம், கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது. சட்டத்தில் கூடுதல் நேரமும் எழுத்தரும் இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கும் வருவது 17-ஆம் பிரிவில், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் செய்யவேண்டிய மாற்றங்களாக. பாடத்திட்டம் முதலில் இருக்கிறது, தேர்வு அதோடு சேர்ந்து வருகிறது. நாம் தேர்வை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

உச்ச நீதிமன்றம் 2021-இல் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. பிப்ரவரியில் வந்தது, குடிமைப் பணித் தேர்வு எழுதிய ஒருவருடைய வழக்கு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை அவருக்கு. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் எழுத்தர் என்றார்கள். அந்த 40 என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல், தேவையான மாற்றத்தைச் செய்துகொடுப்பதற்கு அதைக் குறுக்கே போடக்கூடாது என்றது நீதிமன்றம். அதன் தொடர்ச்சியாக 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுத்தர் வைப்பதற்கு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. நவம்பரில் வந்தது நீட் எழுதிய மாணவி ஒருவரின் வழக்கு. டிஸ்கிராஃபியா. கூடுதல் ஒரு மணி நேரம் அவருக்கு உரியது. தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவருடைய தாளையும் பிடுங்கிவிட்டார்கள். மறுதேர்வுக்கு நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒருவருக்கு இப்படி ஆவது சகஜம் என்று விட்டுவிட முடியாது, பரிகாரம் தேடு என்று தேர்வு முகமைக்குச் சொன்னது. விதியை வகுத்த டெல்லிக்காரர்களைவிட அந்த அறையில் இருந்த கண்காணிப்பாளரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவரும் நம்மைப் போல ஒருவர். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தை மீறினால் 89-ஆம் பிரிவில் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பெற்றோர் புகார் கொடுக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. பெற்றோர் கேட்டால் நீங்களே இதைச் சொல்லுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே ஒருவர் முகத்தில் கேள்வி தெரிகிறது. "வகுப்பில் நாற்பத்தைந்து பேர், எனக்கு இரண்டு கை." நியாயம். சிறப்பாசிரியர் விகிதம் தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், நடுநிலையில் பதினைந்துக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-இல் நிர்ணயித்திருக்கிறது. நம் ஒன்றியத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதிலும் தொகுப்பூதியத்தில், இன்றைக்கு ஒரு ஊர் நாளைக்கு ஒரு ஊர் என்று பஸ் ஏறுகிறவர்கள். அந்தப் பதிலை அரசுதான் சொல்ல வேண்டும், உங்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக்கும் ஒரே அறையில் நடத்துகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அதற்கு முன் செயல்வழிக் கற்றலில் ஏணிப்படியும் அட்டையுமாகப் பழகியவர்களும் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு வந்ததும் அதை ஏன் மூட்டை கட்டி வைக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியாதது.

செலவில்லாத காரியங்களும் உண்டு. எங்கள் பள்ளியில் சாய்தளம் இருந்தது, வாக்குச்சாவடிக்காகக் கட்டியது. அது போய் முடியும் இடத்தில் கூட்ட அறை. சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் ஒன்பதாம் வகுப்பு மாடியில். லிஃப்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தோம். வகுப்பைக் கீழே மாற்றினால் போதும் என்று சொன்னது சத்துணவு அமைப்பாளர். செவித்திறன் குறைந்த பிள்ளை இருந்தால், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். அவனுக்கு உங்கள் முதுகு பேசாது.

சிறப்புப் பள்ளிகளை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அங்கே சைகை மொழியில் சண்டை போட்டு, சிரித்து வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களை வாய் அசைவு மட்டும் தெரியும் வகுப்பில் தனியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதை ஒருங்கிணைப்பு என்றால் எனக்கு ஒப்பில்லை. 31-ஆம் பிரிவே அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைப் பிள்ளையிடம் விடுகிறது, 18 வயது வரை இலவசமாக.

நேரம் ஆகிவிட்டது, சாப்பாடு ஆறிவிடும். ஒரே வேண்டுகோள். திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பிலும் பத்திலும் இந்தப் பிள்ளைகளின் பெயரை எடுங்கள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு முகாம் எப்போது என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். முதல் இடைப்பருவத் தேர்விலேயே எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால் எட்டாம் வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். அது வருவதற்கு முன் நாலு பேர் நான் நான் என்று வந்து நிற்பார்கள்.