'மெஹல்' என்ற அயர்லாந்துச் சொல்லில் நம்ம 'மெய்' இருக்கிறதா?

அடுத்த கேள்வி. "அயர்லாந்துல அக்கம்பக்கத்தார் கூடி வேலை செய்யறதை 'மெய்தீல்'னு சொல்றாங்களே, அது நம்ம 'மெய்த்தோழர்'தானே?"ன்னு கேட்டிருக்காங்க.

இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். எழுத்தைப் பார்த்து வேர் தேடாதீங்க, முதல்ல உச்சரிப்பைக் கேளுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். 'மெய்தீல்'ங்கறது meitheal-ங்கற எழுத்தை அப்படியே கூட்டிப் படிச்சது. அயர்லாந்து மொழியான ஐரிஷ்ல டி, எச் சேர்ந்து வந்தா இன்னைக்கு வெறும் 'ஹ'தான். அதனால சொல் 'மெஹல்'. நீங்க பார்த்த 'மெய்' அங்கயே போயிடுச்சு. பழைய ஐரிஷ்ல இதுக்கு அர்த்தம் கதிர் அறுக்கற கூட்டம். அதோட உறவு மொழியான வெல்ஷ்ல (வேல்ஸ் நாட்டு மொழி) 'மெடெல்'னாலும் அதேதான். லத்தீன்ல 'மெட்டெரே'ன்னா அறுக்கறது. வெல்ஷ்காரங்க செப்டம்பர் மாசத்தையே 'மெடி'ன்னு சொல்றாங்க, அறுப்புன்னு அர்த்தம். ஆக, வேர்ல இருக்கறது அரிவாள்.

ஆனா இதைவிட முக்கியமா ஒண்ணு கேட்டிருக்கணும்: கூலியே இல்லாம இந்தக் கூட்டு வேலை எப்படி நடந்துச்சு? அடுப்பெரிக்க சதுப்பு நிலத்துல பீட் (செடிகொடி மக்கி உண்டான, காய்ஞ்சா எரியற மண்) கட்டி வெட்டறதை எடுத்துக்கோங்க. ஒருத்தர் 'ஷ்லான்'ங்கற, பக்கவாட்டுல இறக்கை வெச்ச மண்வெட்டியால வெட்டுவார். இன்னொருத்தர் ஈரக்கட்டியைக் கையில வாங்கித் தள்ளுவண்டியில அடுக்குவார். மூணாவது ஆள் தள்ளிட்டுப் போய் பரப்புவார். மேல்பக்கம் காய்ஞ்சதும் நாலஞ்சு கட்டியை ஒண்ணோடொண்ணு சாய்ச்சு நிறுத்தணும். படுக்கப்போட்டபடியே விட்டா அடிப்பக்கம் காயாது. மழை பிடிக்கறதுக்குள்ள முடிக்கணும்னா ஒரு குடும்பத்தால முடியாது.

கதிரடிக்கற மெஷின் ஊருக்குள்ள வந்தாலும் இதே கதைதான். வீட்டுக்கு வீடு போகும், ஒவ்வொரு இடத்துலயும் ஏறக்குறைய 20 பேர் வேணும். சாப்பாடு அந்த வீட்டோட பொறுப்பு. காசு கிடையாது, ஆனா கடன் உண்டு: எனக்கு ஒரு நாள் வந்தீங்கன்னா உங்களுக்கு ஒரு நாள் நான் வரணும். கம்பைன் அறுவடை இயந்திரம் வந்ததும் ஒண்ணு ரெண்டு ஆளே போதும்னு ஆச்சு, அந்தக் கணக்கும் தேஞ்சுபோச்சு.

பக்கத்துச் சொல் ஒண்ணு, 'கோர்'. எழுதும்போது நடுவுல எம், எச் வரும், பேசும்போது கேட்காது. பழைய வடிவம் 'கோம்', 'அர்' ரெண்டும் சேர்ந்தது: கூடி உழுவது. ஆளுக்கொரு மாடு, குதிரைன்னு வெச்சிருந்தவங்க சேர்ந்து ஏர் பூட்டினாங்க. 'அர்'னதும் 'ஏர்'னு எழுதப்போறீங்க, தெரியும்! 'அர்' லத்தீன் 'அராரே'வுக்குச் சொந்தம். நம்ம 'ஏர்' மலையாளத்துலயும் தெலுங்குலயும் இருக்கற உறவுகளோட நிக்குது. ஒரே ஒரு சொல் காதுக்கு ஒத்துப்போனா மட்டும் போதாது, வரிசையா பல சொல் ஒரே மாதிரி மாறியிருக்கணும்.