எங்கே கிடைத்தது என்று எழுதிவையுங்கள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் பணி ஓய்வு பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

தலைவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிக் கழிப்பது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நடைப்பயிற்சி, உப்பைக் குறைப்பது, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வது ஆகியவற்றை நம் டாக்டர்களும் மருமகள்களும் என்னைவிட நன்றாக எடுத்துச் சொல்வார்கள். ஆகவே, நில அளவைத் துறையிலிருந்து வெளியே வந்தபின் என் கைக்கு வந்த ஒரு கருவியையும், அதைச் சுற்றி மறுபடி ஒன்றுகூடிய பழைய நண்பர்களையும், நாங்கள் பிரித்துப் பழுது பார்த்த வீட்டையும், அந்தக் கருவி எங்களை அழைத்துச் சென்ற ஊர்களையும் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கருவி மெட்டல் டிடெக்டர். கோயில் வாசலில் காவலர் ஒரு கைக்கருவியால் நம் உடம்பைத் தடவிப் பார்ப்பாரே, அந்தக் கருவிக்கு மூத்த உறவு. நீண்ட தண்டின் நுனியில் தட்டு ஒன்று இருக்கும், அந்தத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒரு சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் கிடந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் மெல்லிய புலத்தை இன்னொரு சுருள் வாங்கிக் காதில் ஒலியாகச் சொல்கிறது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசியைத் தந்த கிரஹாம் பெல் இப்படிப்பட்ட கருவி ஒன்றைக் கொண்டுவந்து உடம்புக்குள் கிடந்த குண்டைத் தேடினார். படுக்கைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் குழப்பியதால் அவரால் குண்டு இருந்த இடத்தைச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கருவியின் துன்பம் அதுதான்: அதற்கு உலோகம் தெரியும், எது நமக்கு வேண்டிய உலோகம் என்பது தெரியாது.

நம் நாட்டில் இந்தத் துன்பம் இரட்டிப்பு. பாலக்காட்டுக்கு மேற்கே போகப் போக செம்புரைக்கல் பூமி. அந்தக் கல்லில் இரும்புச் சத்து மிகுதி என்பதால் மண்ணே உலோகம் போலக் கத்தும். மண்ணின் ஒலியைக் கருவி கழித்துவிட்டுக் கேட்கும்படி திருகியைச் சரிசெய்யும் பழக்கம் கைவர நாளாகும். சித்தூரின் கிழக்கே நம் கரிசல் நிலங்களில் வேலை சற்று எளிது. அப்படியும், பொழுதுபோக்குக்காரர் கையில் இருக்கும் சாதாரணக் கருவிக்கு ஒரு காசு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் தெரியாது. பத்தடி ஆழத்துப் புதையல் பெட்டி என்று எவராவது சொன்னால் அது சினிமாப் பேச்சு.

அப்படியானால் என்னதான் கிடைக்கிறது? சோடா மூடி, மாத்திரை அட்டையின் தாள், துருப்பிடித்த ஆணி, மண்வெட்டி முனை. இரும்பைத் தவிர்க்கும்படி கருவியை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது நாம் செலவழிக்கும் ஒரு ரூபாய்க் காசு துருவேறா எஃகு என்பதால், அதையும் சேர்த்து ஒதுக்கிவிடக்கூடும். நண்பர் ஒருவரின் மனைவி ஒருநாள் வீட்டுக்கே வந்து, “அண்ணா, போன வருசம் கடலைக்காட்டுல கம்மல் ஒண்ணு விழுந்துருச்சுங்க, அந்த மிசினக் கொண்டாந்து பாருங்க” என்றார். சிறிய தங்கக் கம்மலும் அலுமினியத் தாளும் இந்தக் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரல். ஆகவே தாள் என்று தோன்றிய ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்த பிறகே கம்மல் வந்தது. அந்தக் காட்டிலிருந்து நாங்கள் அகற்றிய குப்பைக்காகவே அவர் எங்களுக்குக் கூலி தந்திருக்கலாம், காபியோடு விட்டுவிட்டார்.

சித்தூர் கொச்சி மன்னரின் நாட்டோடும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபாரோடும் இருந்தவை என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரே வரப்பின் ஓரத்தில் கொச்சி மன்னரின் புத்தன் காசும் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலணாவும், 1943 முதல் 1947 வரை அடித்த நடுவில் துளையுள்ள ஓட்டைக் காசும் கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் எங்களுக்கு நெஞ்சு நிறைந்த பொருள் காசு அல்ல, லாடம். மாட்டுக்கு அடிக்கும் லாடத்தின் பாதித் துண்டு, வண்டியின் கடையாணி, அச்சு உராய்ந்து தேய்ந்த இரும்பு வளையம். பழைய இரும்புக் கடைக்காரர்கூட அவற்றைத் தராசில் வைக்கத் தயங்குவார்.

நான் வாழ்நாள் முழுவதும் அளவைச் சங்கிலியும் புலப்படம் என்னும் நில வரைபடமுமாக அலைந்தவன், பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு லாடமும் கிடைத்த இடத்தைச் சர்வே கல்லிலிருந்து அளந்து புலப்படத்தின் நகலில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மழைக்காலம் கடந்து அந்தத் தாளை விரித்தபோது, புள்ளிகள் இப்போதைய தார்ச் சாலையை விட்டு விலகி, இரண்டு தென்னந்தோப்புகளின் ஊடே, கிழக்கே பொள்ளாச்சித் திசைக்கு ஒரு கோடாக ஓடின. ஒரு குளத்தின் மேட்டில் மட்டும் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. பள்ளியில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் தகப்பனார் அந்தக் காலத்தில் பார வண்டி ஓட்டியவர்; நண்பர் தாளைப் பார்த்த உடனே, அங்கேதான் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி லாடம் அடிப்பார்கள் என்று அப்பா சொல்வார் என்றார். பல பத்தாண்டுகளாக எவரும் கேட்காததால் அவர் சொல்லாமலே வைத்திருந்த செய்தி அது. லாடங்களைப் பொறுக்கி ஒரு கோணியில் கொட்டியிருந்தால் எங்களிடம் ஒரு கோணி இரும்பு இருந்திருக்கும், வண்டிப் பாதை இருந்திருக்காது.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மண்ணிலிருந்து வெளியே எடுக்கும் பொருளின் பாதி மதிப்பு அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எடுத்த பிறகு அந்தப் பாதியை எவராலும் திரும்ப உண்டாக்க முடியாது.

இங்கிலாந்தில் ஹாக்ஸன் (Hoxne) என்னும் கிராமத்தில் 1992 நவம்பரில் நடந்ததை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். எரிக் லாஸ் என்பவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பரிசாக அவருக்கு வந்த கருவியை எடுத்துக்கொண்டு, விவசாயி நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் புதைத்த பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும். அவர் முழுவதையும் தோண்டாமல் நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள், சுமார் 200 வெள்ளி, தங்கப் பொருள்கள். அவர் நிறுத்தியதால்தான் மக்கிப்போன மரப் பெட்டியின் அளவும், எந்தப் பாத்திரம் எதற்குள் அடுக்கப்பட்டிருந்தது என்பதும், உடையாமலிருக்க வைத்த துணி, வைக்கோலின் தடயமும் தெரியவந்தன. காசுகளைக் கொண்டு, கி.பி. 407க்குப் பிறகே அது புதைக்கப்பட்டது என்று சொல்ல முடிந்தது. அவருக்கு வந்த வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை விவசாயி நண்பரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பிறகு கிடைத்தது, இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

அந்தப் பெட்டிக்குள் மிளகுத்தூள் வைக்கும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அவற்றுள் ஒன்று சீமாட்டி ஒருத்தியின் உருவம். அன்றைய ரோமானியர் உண்ட கருமிளகு நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறியது. அதற்கு விலையாக வந்த காசுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே பரவியதற்குச் சாட்சியாக கோவை அருகே வெள்ளலூரில் 1842இல் ஒரு ரோமானியக் காசுக் குவியல் வெளிப்பட்டது; அதற்குப் பிறகும் அங்கே கிடைத்தது. திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1940களில் வெளிப்பட்ட குவியலில் ரோமானியக் காசோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன என்று பதிவானதால்தான், ஒரே கையில் இரு நாட்டுக் காசும் புழங்கின என்று இன்று பேச முடிகிறது. கண்டெடுத்தவர் இரண்டையும் பிரித்துத் தனித்தனியே விற்றிருந்தால் அந்தச் சேதி போயே போயிருக்கும்.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவி வாங்கும் ஆசை இதற்குள் சிலருக்கு வந்திருக்கும். கேரளத்துக்குப் புதையல் சட்டம் 1968இல் வந்தது. வேலந்தாவளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். அந்தப் பழைய சட்டம் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பொருள் என்ன, எந்த இடத்தில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்று மூன்றையும் கேட்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மண்ணில் புதைந்தது மட்டுமின்றி, மண்ணோடு பொருத்திய கட்டடத்துக்குள் மறைந்திருப்பதும் அதன் கணக்கில் சேரும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாமல் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழங்காலக் கற்கள் கிடக்கும் காடு, கோயில் நிலம், கோட்டைச் சுவர் இவற்றின் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். அடுத்தவர் நிலமானால் முதலில் அனுமதி. இதையெல்லாம் கடைப்பிடித்தால் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நண்பர்களின் காடும் தோப்பும், சொந்த வீடும் மிச்சம். எங்களுக்கு அது போதுமானதாக இருந்து வருகிறது.

வீட்டைச் சொன்னேன். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கியபோது, இடித்துவிட்டு கான்கிரீட் போடு என்றவர்களே மிகுதி. மண் சுவருக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் மூச்சுவிடும் தன்மை உண்டு. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு போட்டால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்கோடு உதிரும். முந்தைய பழுதுபார்ப்பில் சிமெண்டு பூசிய ஒரே சுவர்தான் எங்கள் வீட்டில் மிக மோசமான சுவர். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். கூரையைப் பிரிக்கும்முன் ஒவ்வொரு கைமரத்துக்கும் ஆசாரியைக் கொண்டு எண் எழுதவைத்தேன். மங்களூர் ஓடுகளைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் தயாரித்த தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்னும் சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழில் அது. எந்தப் பெயர் ஓடு எந்தச் சரிவில் இருந்தது என்று குறித்ததில், வடக்குச் சரிவு பின்னர் மாற்றப்பட்டது என்று தெரிந்தது.

கருவி இங்கேயும் வேலை செய்தது. பழைய உத்தரத்தை அறுக்கக் கொண்டுபோனால், உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால் வாள் பல் போய்விடும் என்று மர மில்காரர் வாங்கத் தயங்குவார். நாங்கள் கருவியை ஓட்டி, ஆணி இருந்த இடமெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டுக் கொடுத்தோம். சுவரில் துளை போடும்முன் உள்ளே போகும் மின்சாரக் குழாயைக் கண்டுகொள்ளவும் அது உதவியது.

தலைவாசல் நிலையின் அடியில் கருவி கத்தியது. நிலை வைக்கும்போது நவதானியத்தோடு காசு போடும் வழக்கம் நமக்கு உண்டு. ஆசாரி நிலையைத் தூக்கினார்; ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா. எங்கள் குடும்பத்தில் அந்த வீடு திப்பு சுல்தான் காலத்தது என்று அத்தை ஒருவர் அழுத்தமாகச் சொல்லி வந்தார். காலணாவோ, நிலை வைத்தது 1911க்கு முன்னால் இல்லை என்றது. “நிலையைப் பின்னால மாத்திருக்கலாம்ல?” என்று ஆசாரி கேட்டார், நியாயமான கேள்வி, அதையும் எழுதிவைத்தோம். அத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பயணத்துக்கு வருகிறேன். மூத்தோருக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நமக்கெல்லாம் வருத்தம். ஆனாலும் பாலக்காட்டில் ஏறினால் எர்ணாகுளம் பக்கம்தான். திருப்பூணித்துறை ஹில் பேலஸ் மியூசியத்தில் கொச்சி மன்னர் காலக் காசுகளைப் பார்க்கலாம். பறவூர் அருகே பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வு ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகளை வெளிக்கொண்டு வந்தது. முசிறி என்னும் பழந்துறைமுகம் அங்கேதான் இருந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. தனியாகப் போனால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். என் நண்பர்களான வண்டிக்காரர் மகன், மின்சாரக் கடைக்காரர், தறி மாஸ்டர் எல்லோரும் சேர்ந்து போனால் ஒரு சாடித் துண்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம்.

கருவியைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த மண்டபத்தின் தரை முழுவதும் கம்பி கட்டிய கான்கிரீட், இங்கே போட்டால் அது ஓயாமல் கத்தும். வெளியே புளியமரத்தடியில் வைத்துக் காட்டுகிறேன். மண்டபக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.