தோளுக்கு மிஞ்சினால் யார் தோழன்?

(பசங்க ரவுடிகள் பின்னால் போகாமல் தடுப்பது பற்றி ஞாயிறு மாலை வடசென்னை வியாசர்பாடியில் பேசியது. மைக் இரண்டு தடவை நின்றுபோனதால் பின்வரிசைக்குக் கேட்காததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

உதவி ஆணையர் அய்யா அவர்களே, பந்தோபஸ்து வேலைக்கு நடுவே வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் அம்மா அவர்களே, வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, கவுன்சிலரின் வீட்டுக்காரர் அவர்களே (அவரை விட்டால் கோபித்துக்கொள்வார்), தலைமையாசிரியை அவர்களே, வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சி அவர்களே, பாதிக் காசுக்கு மைக் செட் கட்டின தம்பி, தாய்மார்களே, சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் பசங்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. வீட்டில் இது பதினோராவது. அடுத்த தடவை நாலு டப்பா கேரம் பவுடர் கொடுத்தீர்கள் என்றால் உபயோகமாக இருக்கும்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். பையன் தோளைத் தாண்டினதும் அவனுக்குத் தோழன் ஒருத்தன் வந்தே தீருவான். அது அப்பாவா, தெருமுனை 'அண்ணனா' என்பதுதான் என் கவலை. இன்றைக்கு மூன்று விஷயம் பேசுகிறேன்: போலீஸ், பெற்றோர், செல்போன்.

முதலில் போலீஸ். அய்யா தப்பாக நினைக்கக் கூடாது. 2018 பிப்ரவரியில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாளுக்குக் கூடினவர்களைச் சுற்றிவளைத்து, ஒரே ராத்திரியில் 70 பேருக்கு மேல் பிடித்தார்கள். ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிற வீடியோவை இன்னமும் நம்ம பசங்க போனில் பார்க்கிறேன், கேட்டால் 'கெத்து சார்' என்கிறான். அதனால் அந்த ராத்திரிக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலையைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிறார் நலனுக்கென்றே ஓர் அதிகாரி இருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 16 முடிந்தவன் கொலை மாதிரி வழக்கில் சிக்கினால் பெரியவனைப் போலவே விசாரிக்கவும் அதே சட்டத்தில் வழியிருக்கிறது, இதைச் சுவர் மேல் இருப்பவர்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் 2022-ல் 'சிற்பி' என்ற திட்டத்தில் சென்னையில் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து போலீஸே பழக ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு பார்த்து எடுத்தது கெட்டிக்காரத்தனம், பையன் தோளைத் தொடுகிற வயசு.

சரி, பெற்றோர். எங்கள் தெருவில் இட்லிக்கடை போடுகிற ஓர் அக்கா. மகன் ஒன்பதாவது. ஒருநாள் வீட்டில் புது ஷூ. 'அண்ணன் வாங்கிக் கொடுத்தார்' என்றானாம். அந்த அண்ணன் ஆரம்பத்தில் பரோட்டா வாங்கிவரச் சொல்லி ஐந்நூறு ரூபாய் கொடுப்பான், மீதியை வைத்துக்கோ என்பான். பிறகு ஒரு பையைக் கொடுத்து ராத்திரிக்கு வைத்திரு என்பான். அதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா பையனை அடிக்கவில்லை. ஷூவை ஒரு கையிலும் இட்லிக்கடைச் சில்லறை டப்பாவை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனாள். அண்ணன் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருக்கிறான். 'தம்பி, என் பிள்ளை உன் காசில் எத்தனை பரோட்டா சாப்பிட்டான், கணக்குச் சொல்லு' என்றாள். அவன் முழிக்கிறான். 'முப்பத்தெட்டு என்று என் பையன் சொல்றான், சால்னாவுக்குத் தனியா?' என்று கேட்டு பெஞ்சில் ஒவ்வொரு நாணயமாக எண்ண ஆரம்பித்துவிட்டாள்! டீ மாஸ்டர் சிரிக்கிறார், அவன் கூட்டாளிகளே சிரிக்கிறார்கள். கெத்தெல்லாம் சால்னாவில் கரைந்துபோச்சு. அண்ணன், 'அக்கா, போதும்க்கா, கிளம்புங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

எல்லாரும் இப்படிப் போகாதீர்கள், கத்தி வைத்திருப்பவனிடம் இது ஆபத்து. கதை அங்கே முடியவும் இல்லை. பையன் ஒரு மாதம் அம்மாவிடம் பேசவில்லை, மானம் போச்சு என்று. அவனுக்குச் சாயங்காலம் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. பசங்களுக்காக நாங்கள் போடுகிற கேரம் போர்டுக்கு வந்தான், திட்டிக்கொண்டேதான் வந்தான். தோளுக்கு மிஞ்சினால் தோழன், அந்தத் தோழனோடு உட்கார ஒரு திண்ணை வேண்டாமா?

வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் கேரமில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். வியாசர்பாடி கால்பந்தைப் பற்றி உங்களுக்கே நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் நாலரை மணிக்குப் பூட்டுத் தொங்குகிறது. அண்ணன் கடை விரிப்பது ஐந்து மணிக்கு! பூட்டைத் திறந்தால் பொறுப்பு யார் என்று கேட்கிறார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வரை நான் பொறுப்பு, எழுதித் தருகிறேன். ஒரு காவலர் சீருடை இல்லாமல் வாரம் இரண்டு நாள் வந்து பசங்களோடு ஆடட்டும், தோற்கட்டும்.

செல்போன் பற்றிப் பேச நேரமில்லை, அண்ணாச்சி கடிகாரத்தைக் காட்டுகிறார். கவுன்சிலர் அம்மா, மைதானத்தைத் திறக்கக் கேட்கும் மனு இதோ, 212 கையெழுத்து. மிச்சப் பேருக்குத் தாள் வாசல் டேபிளில் இருக்கிறது, பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.